கறள் எங்கே தொடங்கும்?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காட்போட்டையும் யோகட் கப்பையும் வெட்டி ஒட்டி ஓர் அடி நீளத்தில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் ஒன்று செய்தாராம். சிவப்பு ஸ்ப்ரே அடித்து முடித்ததும் அது கடையில் தொங்குகிற விளையாட்டுச் சாமான் போல இருந்திருக்கிறது. சரி, கொஞ்சம் பழசாக்கிப் பார்ப்போம் என்று ஒரு வீடியோவில் காட்டியபடி மண்ணிறத்தைக் கரைத்துப் பூசியிருக்கிறார். இப்போது குளத்துக்குள் இருந்து இழுத்தெடுத்த பஸ் மாதிரி இருக்கிறதாம். "எங்கே பிழைத்தது அண்ணா? வெளிநாட்டுக் கிட் (துண்டு துண்டாகப் பெட்டியில் வருகிற மொடல்) ஒன்று வாங்கித்தான் பழக வேண்டுமா? எயார் பிரஷ் (காற்றால் பெயின்ட் தூவுகிற கருவி) இல்லாமல் இந்த வேலை சரிவராதா?" என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் அந்த பஸ்ஸை எறிந்துவிடாதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எயார் பிரஷ் பற்றிய கேள்விக்குப் பதில் சின்னது: இப்போதைக்கு வேண்டாம். முதல் ஆறு வருடமும் நான் தூரிகையோடும் ஹாட்வெயார் கடை ஸ்ப்ரேயோடும்தான் ஓட்டினேன். எயார் பிரஷ் வாங்கினால் அதோடு முடியாது. கொம்பிரசர் வேண்டும், காற்றில் வருகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு குடுவை வேண்டும், ஒரு மணித்தியாலம் அடித்தால் அரை மணித்தியாலம் கழுவுகிற பொறுமையும் வேண்டும். கண் பழகிய பிறகு வாங்குங்கள். கண் பழகாமல் வாங்கிய எயார் பிரஷ்கள் இரண்டு மூன்று, பாவித்த சாமானாக அரை விலைக்கு என் கைக்கே வந்திருக்கின்றன.

கண் பழகுவது என்று எதைச் சொல்கிறேன் என்றால், எனக்கு இந்த வேலையைச் சொல்லித்தந்தவர் மொடல் என்றால் என்னவென்றே அறியாதவர். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த நாட்களில், கல்லடியில் ஒரு கராஜில் கையுதவிக்கு நின்றேன். அங்கே இருந்த பெயின்ட் பாஸுக்கு அப்போதே அறுபது வயது தாண்டியிருக்கும். ஒரு வேன் வந்து நின்றால் நாங்கள் எல்லாரும் பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது என்று பார்ப்போம். அவர் குந்தியிருந்து மட்காட்டின் உள்விளிம்புக்குள் விரலை விடுவார். விரலோடு ஒரு பிடி ஈரமண் வரும். "மனே, கறள் மேல இருந்து வராது. தண்ணி நிண்ட இடத்துல இருந்துதான் வரும்" என்பார். பிறகு அதே இடத்தை வெளிப்பக்கமாகச் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டுவார். பார்வைக்கு நன்றாக இருந்த தகரம் பொத்தென்று உள்ளே போய்விடும்.

உங்கள் பஸ்ஸில் பிழைத்ததும் இதிலேதான். பஸ் முழுவதற்கும் ஒரே அழுக்கைக் கொடுத்துவிட்டீர்கள். ஓடுகிற பஸ்ஸில் நாலைந்து விதமான அழுக்கு இருக்கும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடம் பிடித்துவைத்திருக்கும்.

கூரையை வெயில் தின்னும். பெயின்டில் நிறத்தூளைப் பிடித்துவைத்திருக்கிற பசையை வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் உடைத்துவிட, தூள் மட்டும் மேலே மிஞ்சி நிற்கும். பழைய பஸ்ஸில் சாய்ந்து நின்றால் சேட்டில் சிவப்பு ஒட்டுகிறதே, அது இந்தத் தூள்தான். ஆகவே கூரையும் மேல்விளிம்பும் வெளுத்து, யன்னலுக்குக் கீழே நிழல் விழுகிற இடம் கொஞ்சம் கடும் சிவப்பாக இருக்கும். கறள் யன்னல் மூலைகளின் கீழே, தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மடிப்பில், சில்லுக்குப் பின்னால் உள்ள கீழ்விளிம்பில் தொடங்கும். அகன்ற தகரத்தின் நட்டநடுவில் கறள் வருவதற்கு யாராவது இடித்திருக்க வேண்டும், அல்லது கல்லெறி விழுந்திருக்க வேண்டும். புழுதியைப் பாருங்கள், முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தில்தான் அதிகம். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், சில்லு கிளப்பியது சுழன்று வந்து பின்கண்ணாடியில் குந்தும். புட்போட்டில் செருப்புத் தேய்த்த இடம் வெறும் இரும்பாகப் பளபளக்கும். கதவடிக் கைபிடிக் கம்பியில் பெயின்ட் இருக்காது, கறளும் இருக்காது. நாள் முழுக்க ஆட்கள் பிடித்துப் பிடித்து எண்ணெய் பூசினது போல மினுங்கும்.

ஒரு பின்னேரம் மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு போய் நில்லுங்கள். போனில் படம் எடுக்கலாம், ஆனால் கையால் வரைந்தால்தான் எங்கே என்ன இருக்கிறது என்று மூளையில் பதியும். ஒரே ஒரு பஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கவாட்டுப் படத்தைக் கோடாக வரைந்து, அழுக்கை எல்லாம் அம்புக்குறி போட்டுக் குறியுங்கள். அம்புக்குறியின் மறுமுனையில் காரணத்தை எழுதுங்கள்: வெயில், தண்ணீர், கை, புகை, சில்லு. காரணம் எழுத முடியாத கறையை மொடலில் வைக்க வேண்டாம். நான் வைத்திருக்கிற சட்டம் அந்த ஒன்றுதான்.

பஸ் எந்த வழியில் ஓடுகிறது என்பதையும் முடிவெடுத்துக்கொள்ளுங்கள். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரமாகவே ஓடுகிற பஸ்ஸுக்கு உப்புக்காற்று. உப்பில் உள்ள குளோரைட்டு இரும்பு கறள் கட்டுவதை வேகப்படுத்தும். அதனால் கரையோர பஸ்ஸில் புழுதி குறைவாகவும் கறள் கூடுதலாகவும் இருந்தால் கண் நம்பும். செங்கலடியில் ஏறிப் பதுளை வீதியால் உள்ளே போய், அங்கிருந்து கிறவல் றோட்டில் இறங்குகிற பஸ்ஸுக்கு இது மறுதலை. அதன் இடுப்புக்குக் கீழே முழுக்க செம்மஞ்சள் புழுதி அப்பியிருக்கும். ஐரோப்பாக்காரர் வீடியோவில் யுத்தத் தாங்கிக்குப் பூசுகிற சாம்பல் கலந்த கபிலச் சேறு இந்த இரண்டு பஸ்ஸிலும் பொருந்தாது. நீங்கள் பார்த்ததும் அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

சேறு என்றதும் ஒரு கதை. சம்மாந்துறையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், வயல்காரர், உழவு மெசின் மொடல் மட்டும்தான் செய்வார். நான் ஒரு மெசினின் சில்லுக்கு அழகாகச் சேறு பூசிப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது இண்டைக்கு உழுததா, நேத்து உழுததா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. வயலுக்குக் கூட்டிப்போனார். ஈரச்சேறு கறுப்பாக மினுங்குகிறது. காய்ந்தது வெளிறிய சாம்பலாகி மினுக்கம் இல்லாமல் கிடக்கிறது. ஒரே சில்லில் இரண்டும் இருக்கிறது: பற்களின் இடுக்கில் ஈரம், விளிம்பில் காய்ந்தது. வயலில் இருந்து றோட்டுக்கு ஏறி நூறு யார் ஓடினால் பற்களின் மேல்முகம் தேய்ந்து வெறும் ரப்பர் தெரியும், இடுக்கில் மட்டும் சேறு நிற்கும். நான் பற்களின் மேலும் பூசி, இடுக்கிலும் பூசி, எல்லாவற்றையும் ஒரே நிறமாக விட்டிருந்தேன்.

அன்றிலிருந்து சேற்றை இரண்டு தரம் செய்கிறேன். சித்திரக்காரரின் உலர் சோக்குக் குச்சியை வோட்டர் பேப்பரில் தேய்த்தால் மெல்லிய தூள் வரும். அதையும் கொஞ்சம் மரத்தூளையும் தண்ணீர் கலந்த பைன்டர் கம்மில் குழைத்தால் காய்ந்த சேறு. தும்பை நறுக்கிப் போட்டால் வைக்கோல் சிக்கியது போல இருக்கும். அது காய்ந்த பிறகு, ஈரமாகக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் கடும் நிறத்தில் இன்னொரு தரம் பூசி, மேலே மினுங்கல் வார்னிஷ் தொடுவேன். வயல் மண்ணையே அரித்துப் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் பசை பட்டதும் மண்ணின் நிறம் கறுத்துவிடும், பிறகு வெளுக்காது. மணலின் பருக்கையும் பெரிது. 1:35 அளவில், அதாவது உண்மையானதன் முப்பத்தைந்தில் ஒரு பங்கில், ஒரு மில்லிமீற்றர்ப் பருக்கை மூன்றரை சென்ரிமீற்றர் கல்லாகிவிடும்.

இனி, வீடியோக்காரர் செய்ததும் நீங்கள் செய்ததும் ஏன் வேறு வேறாகப் போனது? அவர் கரைசலைப் பூசுவதற்கு முன் மினுங்கல் வார்னிஷ் ஒன்று அடித்திருப்பார், நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். மினுக்கமான பரப்பில் நீர்த்த பெயின்ட் நிற்காமல் வழுக்கி ஓடி மடிப்பிலும் ஆணித்தலையைச் சுற்றியும் போய்த் தங்கும். மினுக்கம் இல்லாத பரப்பு மையொற்றுத்தாள் மாதிரி, விழுந்த இடத்திலேயே குடித்துவிடும். உங்கள் பஸ் முழுக்கக் குடித்துவிட்டது.

முதலில் இந்தக் கரைசல் எதற்கு? மொடலில் உள்ள மடிப்பு அரை மில்லிமீற்றர். அந்த ஆழத்தில் மேசை விளக்கின் வெளிச்சம் நிழல் விழுத்தாது. உண்மையான பஸ்ஸில் வெயில் விழுத்துகிற நிழலை நாங்கள் பெயின்டால் எழுதிவிடுகிறோம். வட்டக்களரியில் (கூத்து ஆடுகிற வட்ட மேடை) ஆடுகிற கூத்துக்காரர் செய்வதும் இதைத்தான். விடியும்வரை விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிற அரசனின் புருவம் கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கிற ஆச்சிக்கும் தெரிய வேண்டும் என்றால், கிட்ட நின்று பார்க்கும்போது அந்தப் புருவம் கொஞ்சம் கூடிப்போய்த்தான் இருக்கும். மொடலும் அப்படி. கையில் எடுத்துப் பார்க்கும்போது கொஞ்சம் கூடினது போலவும், அலுமாரியில் வைத்து இரண்டு முழம் தள்ளி நின்று பார்க்கும்போது சரியாகவும் இருக்க வேண்டும்.

கரைசலுக்குப் புத்தகக் கடையில் விற்கிற சித்திர எண்ணெய்ப் பெயின்ட் டியூப் போதும். கபிலமும் கறுப்பும் இருந்தால் சரி. டியூபில் இருந்து நேரே கரைக்காமல், ஒரு காட்போட் துண்டில் பிதுக்கி அரை மணித்தியாலம் விடுங்கள். அட்டை எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். மிஞ்சுகிற பெயின்ட் கெதியில் காயும், மினுங்காது. பிறகு டர்பன்டைனில் தேத்தண்ணீர் நிறத்துக்குக் கரைத்து, மெல்லிய தூரிகையால் மடிப்பில் மட்டும் தொடுங்கள். தானாக ஓடும். பத்து நிமிடம் கழித்து, காது துடைக்கிற பஞ்சுக்குச்சியை டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வழியுமோ அந்தப் பக்கம். குறுக்கே துடைத்தால் பஸ் பக்கவாட்டில் கிடந்து நனைந்தது போல ஆகும். கீழே உள்ள நிறம் தண்ணீரில் கரைக்கிற அக்ரிலிக்காக இருந்தால் டர்பன்டைன் அதைத் தொடாது. எனாமலாக இருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்து வரும், கவனம்.

டர்பன்டைனையும் கராஜ் தின்னரையும் மாற்றிவிடாதீர்கள். என் முதல் கிட் 1:72 அளவில் ஒரு ஸ்பிட்பயர் விமானம், லண்டனில் இருந்து சித்தப்பா அனுப்பியது. ஒட்டி முடித்து, கராஜில் மிஞ்சியிருந்த கார் பெயின்டைத் தின்னரில் கரைத்து அடித்தேன். கண்முன்னே இறக்கை பொரித்த பப்படம் மாதிரிச் சுருங்கியது. கிட் செய்கிற பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தின்னரில் கரைந்துவிடும். கிட்டுக்கு விற்கிற பசை வேலைசெய்வதும் இதே குணத்தால்தான்: இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிட்டு, கரைத்த திரவம் பறந்துவிடும். ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) அதே பொலிஸ்டைரீன்தான், உள்ளே காற்று. அதனால்தான் ரிஜிபோமில் நேரே ஸ்ப்ரே அடித்தால் குழி விழுகிறது. முதலில் பைன்டர் கம் இரண்டு பூச்சுப் பூசிக் காயவிட்டால் தப்பும். நீங்கள் பாவித்த யோகட் கப்பையும் திருப்பி அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் பொலிஸ்டைரீன், கிட் பசையில் ஒட்டும், அருமையான சாமான். 5 என்று இருந்தால் வேறு பிளாஸ்டிக். எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது, பெயின்டும் தோல் மாதிரி உரியும். அதை விட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெயின்ட் அடிக்கக் காலமும் பார்க்க வேண்டும். இதை எந்த வீடியோவும் சொல்லாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் (கடலைக் கச்சான் இல்லை, கோடையில் மேற்கே இருந்து வருகிற சூட்டுக் காற்று) ஸ்ப்ரேயில் இருந்து புறப்பட்ட துளி மொடலில் விழுவதற்குள்ளேயே பாதி காய்ந்துவிடும். தொட்டால் சொரசொரவென்று வோட்டர் பேப்பர் மாதிரி இருக்கும். அந்த நாட்களில் விடியற்காலையில், காற்று எழும்ப முன்னர் அடியுங்கள், வழக்கத்தை விடக் கிட்டப் பிடித்து. மாரி மழையில் பிரச்சினை தலைகீழ். தின்னர் கலந்த பெயின்ட் வேகமாக ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து, வெள்ளைப் புகை படர்ந்தது போல ஆகிவிடும். மார்கழியில் மினுங்கல் வார்னிஷ் அடித்து இரண்டு மொடல் இப்படி எனக்குப் பழுதாகியிருக்கிறது. மழைக்காலத்தில் நான் ஸ்ப்ரே தொடுவதில்லை. வெட்டுகிற, ஒட்டுகிற, தேய்க்கிற வேலை எல்லாம் அப்போது. சுப்பர் குளூவுக்கு மட்டும் மாரி நல்ல காலம், அது காற்றின் ஈரத்தில்தான் இறுகும். அதன் மேல் ஒரு சிட்டிகை அப்பச்சோடா தூவினால் உடனே கல்லாகும். இடைவெளி அடைக்க அதை மிஞ்சிய சாமான் இல்லை. கண்ணாடித் துண்டுக்கு மட்டும் சுப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கே பைன்டர் கம்.

கிட்டில் வருகிற எழுத்து ஒட்டிகளுக்கும் இந்த ஈரம் ஆகாது, மஞ்சளடிக்கும். மஞ்சளடித்ததை யன்னல் கண்ணாடியில் வெயில் படுகிற பக்கமாக ஒட்டிவைத்தால் சில நாளில் வெளுக்கும். எறிய வேண்டியதில்லை.

கிட் வாங்கித்தான் பழக வேண்டுமா என்று கேட்டீர்கள். வாங்க முடிந்தால் ஒன்று வாங்குங்கள், மலிவானதாக, 1:72 விமானம். அந்த அளவில் ஓர் அங்குலம் ஆறு அடியைக் குறிக்கும். இரண்டாம் உலகப்போரில் விமானங்களை அடையாளம் காணப் பழக்குவதற்குச் செய்த மொடல்களும் இதே அளவுதான். தாங்கிகளுக்கு 1:35 வந்த கதை இன்னும் வேடிக்கை. ஜப்பானில் டமியா என்ற மொடல் கம்பனி 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பாந்தர் தாங்கியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பற்றரியும் கொள்ளுகிற மாதிரி உடலை அமைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது 1:35. பற்றரி முடிவெடுத்த அளவை உலகம் முழுக்க இன்றைக்கும் பின்பற்றுகிறது! கிட் ஒன்றைக் கட்டினால் துண்டுகள் எப்படிப் பொருந்துகின்றன, இணைப்புக் கோட்டை எப்படித் தேய்த்து மறைப்பது என்று கை பழகும். ஆனால் எங்கள் இ.போ.ச. பஸ்ஸுக்குக் கிட் தேடி அலைய வேண்டாம். நீங்கள் செய்தது போலக் கையால் செய்வதுதான் வழி, அதில் குறை ஒன்றும் இல்லை.

கையால் செய்யும்போது அளவை மட்டும் முதலிலேயே பிடியுங்கள். பத்து மீற்றர் பஸ் ஓர் அடி மொடல் என்றால் ஏறத்தாழ 1:33 வருகிறது. அப்படியானால் ஐந்தடி ஏழு அங்குல மனிதன் ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். காட்போட்டில் அந்த உயரத்துக்கு ஒரு மனிதனை வெட்டி வாசலில் நிறுத்திப் பாருங்கள். குனியாமல் ஏறுகிறானா? சீற்றில் இருந்தால் முழங்கால் இடிக்கிறதா? விளையாட்டுச் சாமான் போலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் நிறம் என்றால், மீதிக் காரணம் சில்லும் வாசலும் அளவு பிசகியிருப்பது.

கறைக்கும் கீறலுக்கும் இதே அளவுக்கணக்குத்தான். இதை எனக்குப் படிப்பித்தது எங்கள் கடலில் கிடக்கிற ஒரு கப்பல். பிரித்தானியாவின் எச்.எம்.எஸ். ஹேர்மஸ், விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட முதல் கப்பல். கட்டி முடிப்பதில் ஜப்பானின் ஹோஷோ 1922இல் முந்திக்கொண்டது. இது சேவையில் சேர்ந்தது 1924இல். கல்லடியில் லேடி மானிங் பாலம் கட்டப்பட்டதும் அதே 1924. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, தளத்தில் ஒரு விமானம் கூட இல்லாமல் மட்டக்களப்புக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தபோது ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. கப்டனோடு சேர்த்து 307 பேர் மாண்டார்கள். கூடப் போன வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அன்றே மூழ்கியது. உயிர் தப்பியவர்களை வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் வந்து தூக்கியது. ஹேர்மஸ் இன்றைக்கும் ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது, சுழியோடிகள் இங்கிருந்துதான் போய்ப் பார்க்கிறார்கள்.

அதை 1:700 அளவில் செய்தேன். 183 மீற்றர்க் கப்பல் 26 சென்ரிமீற்றர். நங்கூரத் துவாரத்தில் இருந்து கறள் வழிவதை ஆசையாக ஒரு கோடு கீறினேன், ஒரு மில்லிமீற்றர் அகலம் இருக்கும். பிறகு கணக்குப் பார்த்தால் அந்தக் கோடு எழுபது சென்ரிமீற்றர் அகலம், கதவு ஒன்றின் அகலம். போர்க்கப்பலில் ஆட்கள் ஓயாமல் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள், அப்படிக் கறள் வழிய விடமாட்டார்கள். துடைத்துவிட்டேன். கடைசியில் அந்தக் கப்பலுக்கு நான் செய்தது மூன்று சாம்பல் நிறங்களை ஒன்றுக்குள் ஒன்று மங்கவிட்டதும், நங்கூரத்தடியில் ஊசிமுனையால் இரண்டு புள்ளி வைத்ததும் மட்டும்தான். உங்கள் பஸ்ஸில் ஒரு மில்லிமீற்றர் கீறல் மூன்று சென்ரிமீற்றருக்கு மேல். அது நம்பலாம். ஐந்து மில்லிமீற்றர் கறள் பொட்டு ஏறத்தாழ முக்கால் சாண் ஓட்டை.

கறள் நிறம் எடுக்கக் கல்லடிப் பழைய பாலத்துக்கே, அந்த லேடி மானிங் பாலத்துக்கே போங்கள். புதுப் பாலம் 2013இல் திறந்த பிறகு பழையது பக்கத்தில் நிற்கிறது, அவசரம் இல்லாமல் நின்று பார்க்கலாம். தகட்டின் மேல் தகடு ஏறுகிற இடத்தையும் தறையாணித் தலையின் கீழ்ப்பாதியையும் பாருங்கள். புதுக் கறள் செம்மஞ்சள், பழங்கறள் கறுப்புக்குக் கிட்டின கபிலம், ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்து நிற்கும். வீட்டில் உண்மையான கறளே செய்யலாம்: பாத்திரம் தேய்க்கிற இரும்புக் கம்பிளியை வினாகிரியில் ஊறவைத்து, உப்பும் கொஞ்சம் போட்டு, எடுத்துக் காயவிட்டால் இரண்டொரு நாளில் உதிர்த்துத் தூளாக எடுக்கலாம். துருப்பிடிக்காத எவர்சில்வர்க் கம்பிளியை ஊறவைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், நான் ஒரு கிழமை காத்திருந்தேன்.

சரி, உங்கள் பஸ்.

குளத்தில் விழுந்தது போல இருக்கிறது என்றீர்களே, அதுதான் இப்போது உங்களுக்கு அடிப்பூச்சு. சிவப்பு அக்ரிலிக்கில் துளி மஞ்சளும் துளி தோல்நிறமும் கலந்து வெயிலில் வெளுத்த சிவப்பு ஒன்று செய்யுங்கள். வெள்ளை கலக்க வேண்டாம், ரோசாவாகிவிடும். தட்டைத் தூரிகையால் ஒவ்வொரு தகரத்தின் நடுவிலும் நீர்த்துப் பூசி, மடிப்புக்கு ஒரு மில்லிமீற்றர் முன்னே நிறுத்துங்கள். மடிப்பிலும் கீழ்விளிம்பிலும் பழைய கபிலம் அப்படியே தெரியட்டும். ஒரே தடிப்பாகப் பூசாமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, கூரைக்கு மட்டும் இன்னும் ஒரு பூச்சு வெளிறலாக. காய்ந்ததும் சில்லுக்குப் பின்னால் உள்ள கீழ்விளிம்பில், பாத்திரம் கழுவுகிற பஞ்சின் ஒரு சின்னத் துண்டைக் கிள்ளிக் கடும் கபிலத்தில் தொட்டு, கடதாசியில் ஒற்றி, மிச்சத்தை விளிம்பில் மட்டும் இலேசாக ஒற்றுங்கள். பெயின்ட் உரிந்த பொட்டுகள் ஒழுங்கில்லாமல் விழும், தூரிகையால் அது வராது. அந்தப் பொட்டுகளில் இரண்டு மூன்றுக்குக் கீழே மட்டும் கறள்தூளைத் தொட்டுக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு.

சில்லுகளைக் கறுப்பில் விட்டிருப்பீர்கள். கடும் சாம்பலுக்கு மாற்றுங்கள், றோட்டில் ஓடுகிற எந்த டயரும் கறுப்பு இல்லை. பின்கண்ணாடியில் சோக்குத்தூளை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, விரல்நுனியை ஈரமாக்கி நடுவில் ஒரு வட்டம் துடைத்துவிடுங்கள், கொண்டக்டர் பின்னால் பார்க்கத் துடைத்தது போல. முன்னால் பெயர்ப்பலகையை மூன்று மொழியிலும் சின்னதாக அச்சடித்து ஒட்டி, அதற்கு மட்டும் அழுக்கே பூசாமல் விடுங்கள். போன கிழமை புதிதாக மாற்றியிருப்பார்கள்.